பழகிக் கற்கும் உரிமை

நுழையும்முன்

பள்ளியின் இறுதித் தேர்வுக்கும் முதல் மாத ஊதியத்திற்கும் இடைப்பட்ட காலம் இளைஞர் பலருக்குத் தெளிவற்றதாகவே கழிகிறது. அவ்விடைவெளியைக் கடக்க உதவும் அரசுத் திட்டங்களுள் தொழிற்பழகுநர் பயிற்சி பழமையானது. ஆயினும் குறைவாகப் பேசப்படுவது. அதன் நோக்கத்தையும் அதற்குரிய சட்டத்தையும் நடைமுறையில் நேரும் பிறழ்வுகளையும் எடுத்துக்காட்டி, அது எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

பதிவேடு முடியும் இடம்

பன்னிரண்டு ஆண்டுக்காலப் பள்ளிப் படிப்பில் ஒரு மாணவரைப் பற்றிய குறிப்புகள் அனைத்தும் பதிவேட்டில் இடம்பெறுகின்றன. வருகை, மதிப்பெண், உயரம், எடை, உதவித்தொகை, மிதிவண்டி பெற்ற நாள் என எதுவும் விடுபடுவதில்லை. மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு அவர் வெளியேறிய மறுநாள் முதல் அப்பதிவேட்டில் அவருக்கு இடமில்லை. கல்லூரியில் சேர்ந்தால் வேறொரு பதிவேடு அவரை ஏற்றுக்கொள்ளும். சேராதவரைத் தேடிச் சென்று அழைப்பதற்கும் தமிழ்நாட்டில் ஏற்பாடு உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தொடங்கப்பெற்ற 'நான் முதல்வன்' திட்டத்தின் ஒரு பகுதியாக நடைபெறும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் அப்பணியைச் செய்கின்றன. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், மாணவர்க்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கப்படுகிறது. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்திய அளவில் 28 விழுக்காடாக இருந்த 2021-22ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் அது 47 விழுக்காட்டை எட்டியிருந்தது. கல்லூரியின் வாயில்வரை மாணவரை அழைத்துச் செல்லும் பாதை செம்மையாக இடப்பட்டுள்ளது என்பதற்கு இது சான்று.

கல்லூரியின் பின்வாயிலிலிருந்து தொழிற்கூடத்தின் முன்வாயில்வரை செல்லும் பாதை அத்துணைச் செம்மையாக இல்லை. அதனை இடுவதற்கான முயற்சி புதியதன்று. எழுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு அதற்கு உண்டு.

வரிசையும் பயிற்சியும்

இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக இந்தியாவில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் அவை எல்லார்க்கும் உரியவையாயின. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவற்றின் அன்றாட நிருவாகம் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. பெற்றோர் தலைமுறையினர்க்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவட்டை ஓர் உறுதிமொழிபோல் இருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாமல் அதனைப் புதுப்பித்து, பழைய தகரப் பெட்டியில் சொத்துப் பத்திரத்தோடு வைத்துக் காத்தோர் பலர். இன்று அப்பதிவைப் பள்ளியிலேயே இணையவழியில் செய்துகொள்ள முடிகிறது.

ஆயினும், அச்சட்டத்தின் எல்லையை அறிந்தோர் சிலரே. காலியிடத்தை அறிவிக்குமாறு நிறுவனத்தை அச்சட்டம் பணித்தது. அலுவலகம் அனுப்பியவரைத்தான் பணியில் சேர்க்க வேண்டும் என்று அது கூறவில்லை. உச்சநீதிமன்றமும் 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் இதனைத் தெளிவுபடுத்தியது. பதிவு என்பது வரிசையில் ஓர் இடம் மட்டுமே. வரிசையில் நிற்கும் ஆண்டுகளில் நிற்பவரின் கைத்திறன் வளர்வதில்லை. கற்றதும் மெல்ல மறந்துபோகிறது. இருக்கும் வேலையைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பால், வேலைக்கு ஏற்றவரை உருவாக்க இயலாது.

உருவாக்கும் பணியை மேற்கொண்டவை தொழிற்பயிற்சி நிலையங்கள். கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர், பற்றவைப்பவர் எனத் தொழிற்பிரிவுகள் வகுக்கப்பட்டன. அண்மையில் தமிழ்நாட்டின் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் ரூ.2,877 கோடி மதிப்பில் தரம் உயர்த்தப்பட்டு, எந்திரனியல், மின்வாகனப் பழுதுநீக்கம் போன்ற புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. இது பாராட்டத்தக்க முயற்சி. எனினும், எத்துணைச் சிறந்த இயந்திரமும் பயிற்சி நிலையத்தில் இருக்கும்வரை ஒரு குறை உண்டு. அங்கே செய்யப்படும் பொருளுக்காக வாங்குபவர் எவரும் வெளியே காத்திருப்பதில்லை.

திருகு அளவி

இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கொண்டு கம்பியின் விட்டத்தை அளந்து பார்த்த மாணவர்க்கு, அக்கருவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் என்பது தெரியும். அளவீட்டில் 0.02 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால் அரை மதிப்பெண் குறையலாம், குறையாமலும் போகலாம். கோயம்புத்தூரில் நீரேற்று இயந்திரம் செய்யும் ஒரு பட்டறையில் அதே பிழை நேர்ந்தால் தண்டின்மேல் பேரிங் உரியவாறு பொருந்தாது. பொருத்தினாலும் சில மாதங்களில் சூடேறித் தேய்ந்துபோகும். அந்த இயந்திரத்தை நம்பிக் கிணற்றில் இறக்கிய உழவரின் பயிர் வாடும். கருவி ஒன்றே, அளவும் ஒன்றே. பிழையின் விளைவை யார் ஏற்கிறார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

அந்த வேறுபாட்டைப் பாடநூல் கற்பிக்க இயலாது. பழகியே கற்றல் வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இவ்வுண்மையின்மேல் எழுந்தது. பழகுநர் என்னும் தமிழ்ச்சொல்லே இங்குக் கருதத்தக்கது. பயிற்சி பெறுதலோடு பக்கத்தில் இருந்து உறவாடுதலையும் 'பழகுதல்' குறிக்கும். மூத்த தொழிலாளி ஒருவர் இயந்திரத்தின் ஓசை மாறுவதைக் கேட்டதும் விசையை நிறுத்துகிறார். எதைக் கேட்டு நிறுத்தினார் என்று வினவினால் அவரால் விளக்க முடியாமற்போகலாம். அவரருகே ஆறு மாதம் நின்ற இளைஞர்க்கு அது விளங்கிவிடும்.

தொடக்கத்தில் இச்சட்டம் தொழிற்பிரிவுப் பழகுநர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1973இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் மேல்நிலைப் பள்ளித் தொழிற்கல்விப் பிரிவில் பயின்றவர்க்கும் வழி திறந்தது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் தொடங்கியது. அப்பிரிவு மாணவர்க்கெனச் சட்டத்திலேயே தனி வகை உண்டு என்பதை அவ்வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரே பெரும்பாலும் அறியார். சட்டம் இடம் ஒதுக்கிவைத்திருக்க, அதைச் சொல்ல ஆளில்லாத நிலை வருந்தத்தக்கது.

சட்டம் சொல்வது

மாணவர் ஒருவர் பழகுநராகச் சேரும்போது நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். அது பதிவு செய்யப்பட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்காகப் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிடுவர். பழகுநர்க்குத் துண்டு எண்ணிக்கை அடிப்படையில் ஊதியம் தருதல் கூடாது; உற்பத்தியை மிகுவிப்பதற்கான ஊக்கத்தொகைத் திட்டத்தில் அவரை ஈடுபடுத்துதலும் கூடாது என்கிறது சட்டம். இவ்விதியின் நுட்பம் போற்றத்தக்கது. எண்ணிக்கைக்குப் பணம் என்றால், கற்பவர் ஒரே வேலையை விரைந்து செய்யப் பழகுவாரே அன்றித் தொழிலைக் கற்கமாட்டார். உடல்நலம், பாதுகாப்பு, பணியிட நலன் ஆகியவற்றில் தொழிலாளிக்குச் சட்டம் தரும் காப்பு பழகுநர்க்கும் உண்டு. பயிற்சியின்போது காயம் நேர்ந்தால் நிறுவனம் இழப்பீடு வழங்க வேண்டும்.

2019ஆம் ஆண்டின் திருத்த விதிகளின்படி, முப்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்கள் தம் பணியாளர் தொகையில் 2.5 முதல் 15 விழுக்காடுவரை பழகுநரைச் சேர்த்தல் கட்டாயம். மாத உதவித்தொகையின் கீழ்வரம்பு கல்வித் தகுதிக்கேற்ப 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை என அவ்விதிகள் வகுத்தன. 2016இல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம், உதவித்தொகையின் கால் பங்கை மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல் ஒன்றிய அரசே ஏற்கும் என்றது.

அதே சட்டத்தில் வேறு இரு விதிகளும் உள்ளன. பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்கிறது ஒன்று. ஒப்பந்தத்தில் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, பயிற்சி முடிந்தபின் அவருக்கு வேலை தரும் கடப்பாடு நிறுவனத்திற்கு இல்லை என்கிறது மற்றொன்று. கற்கும் காலத்திற்கு முதல் விதி இயல்பானதே. நேர்மையற்ற நிறுவனத்தின் கையில் இவ்விரண்டும் சேரும்போது, குறைந்த கூலிக்கு ஆண்டுதோறும் புதிய ஆள் என்னும் வழி பிறந்துவிடுகிறது.

பெயர் மட்டும் பயிற்சி

அவ்வழி எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. மேற்கு மாவட்ட நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஒரு நடைமுறை இருந்தது. அஃது அரசுத் திட்டமன்று. ஆலைகள் தாமே வகுத்துக்கொண்டது. ஏறத்தாழ மூன்றாண்டு வேலை செய்தால் திருமணச் செலவுக்கு உதவும் வகையில் ஒரு தொகை மொத்தமாகத் தரப்படும் என்று சொல்லி, தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் இளம்பெண்கள் ஆலை விடுதிகளில் சேர்க்கப்பட்டனர். பழகுநர் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட பெயர். உடல்நலம் குன்றி இடையில் வெளியேறியோர் பலர் அத்தொகையைப் பெறவில்லை. தொழிற்சங்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் இதனை வன்மையாகக் கண்டித்தன. அறுந்த நூலிழையை இணைக்கக் கற்பதற்கு மூன்றாண்டு தேவையில்லை என்பதை ஆலைத் தொழில் அறிந்த எவரும் கூறுவர். கற்பதற்கு ஏதுமில்லாத இடத்தில் பயிற்சி நீள்கிறது எனில், அங்கு நடப்பது பயிற்சி ஆகாது.

தொழில் முனைவோர் தரப்பிலும் ஒரு குறை சொல்லப்படுகிறது. ஓராண்டு செலவிட்டுப் பழக்கிய இளைஞர் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தரும் அடுத்த நிறுவனத்திற்குச் சென்றுவிடுகிறார். பிறகு ஏன் பழக்க வேண்டும் என்பது அவர்களது வினா. இது புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால், இன்று ஒருவர் பழக்கியவரை மற்றொருவர் ஏற்பதுபோல், நாளை மற்றவர் பழக்கியவர் இவரிடம் வருவார். அம்பத்தூர், ஓசூர், திருச்சிராப்பள்ளி போன்ற தொழில் நகரங்கள் வளர்ந்தது, திறனாளர் ஒரு பட்டறையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று தொழிலைப் பரப்பியதாலும்தான். பழக்காத நிறுவனம் பிறர் பழக்கியவரை மட்டும் எடுத்துக்கொள்வதைத் தடுக்கவே விழுக்காட்டுக் கட்டாயம் விதியில் இடம்பெற்றது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் விதியை மீறுவோர்க்குரிய சிறைத்தண்டனையை நீக்கித் தண்டத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டது. தண்டனை தளர்ந்தது பொருத்தமே. கண்காணிப்பு அதற்கு ஈடாகக் கூர்மை பெற்றாக வேண்டும். அதற்குரிய அலுவலர் போதிய எண்ணிக்கையில் இல்லாதவரை, விதி ஏட்டளவிலேயே நிற்கும்.

செருமனி நாட்டில் 1969ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டத்தின்கீழ் இளைஞர் கிழமையில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் எஞ்சிய நாள் தொழிற்பள்ளியிலும் பயில்கின்றனர். அந்நாட்டு முறையைப் போற்றுவோர் பெரும்பாலும் இந்நாள் கணக்கையே சுட்டுவர். அதனினும் சிறந்த கூறு அங்குள்ள தேர்வுக்குழு ஆகும். அக்குழுவில் முதலாளிகளின் சார்பாளரும் தொழிலாளர்களின் சார்பாளரும் சம எண்ணிக்கையில் இருப்பர்; தொழிற்பள்ளி ஆசிரியரும் இருப்பார். ஆகவே, பழகுநர் உண்மையில் எதைக் கற்றார் என்பதைப் பழக்கிய நிறுவனம் மட்டும் முடிவுசெய்ய இயலாது. இங்குப் பின்பற்றத்தக்கது அந்த ஏற்பாடே.

ஊரும் விடுதியும்

திருவாரூர் மாவட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவிக்கு, முப்பது பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்கூடம் நடந்து செல்லும் தொலைவில் இருப்பது அரிது. அவருக்குரிய பழகுநர் இடம் ஒரகடத்திலோ ஓசூரிலோ இருக்கும். மாதம் 7,000 ரூபாய் உதவித்தொகையில் அறை வாடகையும் உணவுச் செலவும் போக மீதம் ஏதுமிராது. முதல் மாதம் வீட்டிலிருந்தே பணம் கொண்டுசெல்ல நேரிடும். உழவுக்கூலியை நம்பிய குடும்பத்தால் அதனைத் தாங்க இயலாது. ஆகவே அவர் அருகிலுள்ள நகரின் துணிக்கடையில் விற்பனைப் பணிக்குச் செல்கிறார். வேலை கிடைத்துவிட்டது என்று உறவினர் மகிழ்வர். பன்னிரண்டு ஆண்டுக் கல்வியில் கற்ற எதற்கும் அங்கு வேலையில்லை.

பெற்றோரின் அச்சமும் பொருளற்றதன்று. முன்பின் அறியாத ஊரில் பதினெட்டு வயது மகளை எங்குத் தங்கவைப்பது என்னும் கேள்விக்கு விடை தெரியாமல் எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் கையொப்பமிடார். விடை தருவது அரசுக்கு இயலாததும் அன்று. திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பை சிப்காட் நிறுவனம் கட்டி, அது 2024இல் திறக்கப்பட்டது. பணிபுரியும் மகளிர்க்கெனத் 'தோழி' விடுதிகளும் இயங்குகின்றன. இவ்விடங்களில் பழகுநர்க்கெனக் குறிப்பிட்ட பங்கை ஒதுக்கி, வாடகையை அரசே ஏற்குமாயின், திருவாரூர் மாணவிக்கு ஒரகடம் எட்டாத ஊராக இராது. உதவித்தொகையில் அரசு ஏற்கும் 1,500 ரூபாயைவிட மாணவர்க்குத் தரும் ஒரு கட்டில் மிகுந்த பயன் விளைக்கும்.

தொழிற்பயிற்சி என்பது மதிப்பெண் குறைந்தவர்க்கு உரியது என்னும் எண்ணமும் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. பொறியியல் பட்டம் முடித்தவர் அதே தொழிற்சாலையில் 'பட்டதாரிப் பழகுநர்' ஆகச் சேரும்போது மட்டும் அச்சொல் உறுத்துவதில்லை என்பது விந்தை. பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையும் நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனமும் ஆண்டுதோறும் பழகுநரைச் சேர்க்கின்றன. பிற தகுதிகள் சமமாயின், நேரடியாக வருபவரைவிட அந்நிறுவனத்தில் பழகியவர்க்கு முன்னுரிமை தர வேண்டும் என உச்சநீதிமன்றம் 1995இல் உத்தரப்பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் கூறியது. பழகியவரை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என 2014ஆம் ஆண்டுத் திருத்தமும் கூறியது. அக்கொள்கை என்ன என்பது ஒப்பந்தத்தின் முதற்பக்கத்திலேயே எழுதப்படுதல் வேண்டும்.

எண்ண வேண்டிய எண்

திறன் திட்டங்களின் ஆண்டறிக்கைகளில் முதலிடம் பெறுவது பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை. இலட்சங்களில் அமைந்த அவ்வெண்ணைக் கண்டு நிறைவடைவது எளிது. பயிற்சிக்கு வந்தோரை எண்ணுவதைவிட, பயிற்சி முடிந்து ஓராண்டு கழிந்தபின் கற்ற தொழிலிலேயே நிலைத்திருப்போரை எண்ணுவதே பொருளுடையது. அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், பெறும் ஊதியம் எவ்வளவு, பழகிய நிறுவனமே பணியில் சேர்த்துக்கொண்டவர் எத்தனை பேர் என்பனவும் அதனோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும். இதற்கெனப் புதிய படிவம் தேவையில்லை. பழகுநர் ஒப்பந்தங்கள் இணையத்தில் பதிவாகின்றன. நிலையான வேலையில் சேர்ந்தவர்க்கு வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண் வழங்கப்படுகிறது. இவ்விரண்டையும் பெயர் வெளியிடாமல் இணைத்துப் பார்த்தால், எந்த நிலையத்தின் எந்தத் தொழிற்பிரிவு வேலைக்கு வழி செய்கிறது, எந்த நிறுவனம் ஆண்டுதோறும் பழகுநரை எடுத்து ஒருவரைக்கூடப் பணியில் வைத்துக்கொள்வதில்லை என்பது வெளிப்பட்டுவிடும்.

அவ்வெண்கள் தலைமையகக் கோப்பில் உறங்காமல், ஒவ்வொரு தொழிற்பயிற்சி நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்வி வகுப்பறையிலும் சேர்க்கை தொடங்கும் மாதத்திற்கு முன்பே எழுதப்பட வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த மகனை அழைத்துவந்து, மின்பணியாளர் பிரிவா பற்றவைப்பவர் பிரிவா எனத் தயங்கி நிற்கும் தந்தை அப்பலகையைப் படித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்பலாம்.